வீடும் வேலையும்: குழித்தறி முதல் கணிப்பொறி வரை

2020ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் இரவு நாடு முழுவதற்கும் ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. கோவிட்-19 என்னும் கொள்ளைநோய் பரவாமல் தடுக்க, மக்கள் அவரவர் வீட்டிலேயே இருக்கவேண்டும் என்பது ஆணை. அப்போது நான் சென்னைக்குத் தெற்கே அனகாபுத்தூரில் குடியிருந்தேன். அடையாற்றின் கரையில், பம்மலுக்கும் குன்றத்தூருக்கும் இடையே உள்ள நெசவாளர் ஊர் அது. அன்று தனி நகராட்சி. 2021 முதல் தாம்பரம் மாநகராட்சியின் ஒரு பகுதி.

என் வீட்டுக்கு இடப்புறம் முதிய நெசவாளர் ஒருவரின் வீடு. வலப்புறம், பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணிப்பொறி நிறுவனத்தில் பணியாற்றிய இளைஞரின் வீடு. ஊரடங்கு தொடங்கிய சில நாட்களிலேயே ஒரு விந்தையைக் கண்டேன். வாழ்நாள் முழுவதும் வீட்டிலேயே வேலை செய்துவந்தவரின் வேலை நின்றுபோயிற்று. ஒருநாளும் வீட்டில் வேலை செய்திராதவரின் வேலையோ வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது!

காரணம் எளிது. நெசவாளருக்கு நூல் வரவேண்டும். நெய்த துணி வெளியே போகவேண்டும். லாரி ஓடவில்லை, கடை திறக்கவில்லை. இளைஞருக்கு வருவதும் அவரிடமிருந்து போவதும் செய்தி மட்டுமே. அது மின்குறியாகவும் ஒளித்துடிப்பாகவும் செல்கிறது. 2002ஆம் ஆண்டில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே கடலடியில் ஒளியிழை வடம் ஒன்று இணைக்கப்பட்டது. அதன் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் செல்லும். வகுத்துப் பார்த்தால், செய்தி சிங்கப்பூரைச் சேர நொடியில் 60இல் ஒரு பங்கு நேரமே ஆகும் என்பது விளங்கும். பல்லாவரம் சந்தையிலிருந்து ஒரு கட்டு நூல் அனகாபுத்தூர் வந்துசேர அன்று பல வாரங்கள் ஆயின.

"வீட்டிலிருந்தே வேலை" என்பது 2020இல் புதிதாகப் பிறந்தது போலப் பலர் பேசினர். உண்மையில் அதுவே பழைய முறை. வேலைக்காக வீட்டை விட்டுப் போவதுதான் மனித வரலாற்றில் நேற்று வந்த பழக்கம். இடையில் நேர்ந்தது என்ன என்பதை அறிய, நெசவாளர் வீட்டுக்குள் சற்றுச் செல்வோம்.

குழிக்குள் ஒரு தொழிற்கூடம்

வீட்டின் முன்கட்டில், தரையில் வெட்டிய ஒரு குழி. நெசவாளர் தரை மட்டத்தில் அமர்ந்து, கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு மிதிபலகைகளை மாறிமாறி அழுத்துகிறார். பாவு நூல்கள் மேலும் கீழுமாகப் பிரிகின்றன. அந்த இடைவெளியில் நாடா பாய்ந்து ஊடை நூலை இட்டுச் செல்கிறது. இதுவே குழித்தறி.

குழி எதற்கு? இடத்தைச் சிக்கனப்படுத்த மட்டுமன்று. பருத்தி இழைக்கு ஒரு தனிப்பண்பு உண்டு: ஈரம் ஏறினால் அதன் வலிமை கூடும். காய்ந்த காற்றில் பாவு நூல் அடிக்கடி அறும். மண் தரைக்கு அருகே காற்று சற்றுக் குளிர்ந்தும் ஈரமாகவும் இருப்பதால், தாழ்ந்த பாவு அறுபடுவது குறைகிறது. இன்றைய பெரிய ஆலைகளில் பொறி வைத்துக் காற்றை ஈரப்படுத்துகிறார்கள். நெசவாளர் அதை ஒரு மண்வெட்டியால் சாதித்தார். (அந்த ஈரமே மழைக்காலத்தில் கால் மூட்டுகளைப் பிடிக்கும் என்பதையும் பெரியவர் சொல்லியிருக்கிறார். எந்தத் தொழில்நுட்பமும் இலவசமாய்க் கிடைப்பதில்லை.)

அனகாபுத்தூரில் நெய்யப்பட்ட புகழ்பெற்ற துணி "ரியல் மெட்ராஸ் கைக்குட்டை". பெயர் கைக்குட்டையே தவிர, அது எட்டு கஜ நீளமுள்ள கட்டம்போட்ட துணி. ஒரு கஜச் சதுரங்களாக வெட்டத்தக்கது. சென்னைக் கடற்கரையிலிருந்து இவ்வகைத் துணிகள் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் பல நூற்றாண்டுகளாகச் சென்றன. நைஜர் ஆற்றின் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இதை "இஞ்சிரி" என்று அழைத்துத் தங்கள் சடங்குகளில் போற்றி அணிந்தனர். அவ்வினப் பெண்கள் இத்துணியிலிருந்து குறிப்பிட்ட இழைகளை மட்டும் வெட்டி உருவி, புதிய கோலங்களை உண்டாக்குவார்கள். அனகாபுத்தூர் வீடொன்றில் இட்ட இழையை நைஜீரிய வீடொன்றில் இன்னொருவர் எடுக்கிறார். இரண்டும் வீட்டு வேலையே. நைஜீரியா அந்நியத் துணி இறக்குமதிக்குத் தடைகள் விதித்தபோது இந்த ஊரின் தறிகள் பல ஓய்ந்தன. பின்னாளில் இங்குள்ளோர் வாழைநார் முதலிய இயற்கை நார்களைக் கலந்து நெய்யத் தொடங்கிப் பெயர் பெற்றனர்.

வீடுதான் தொழிற்கூடம் என்பதை வணிகரும் ஆட்சியாளரும் நன்கு அறிந்திருந்தனர். 1734ஆம் ஆண்டில், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தில், கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் நெசவாளர்க்கென்றே ஓர் ஊரை அமைத்தது. நூற்போர், நெய்வோர், துணியில் வண்ணம் தீட்டுவோர், வெளுப்போர் ஆகியோர் அங்கே குடியேற்றப்பட்டனர். சின்னத் தறிப் பேட்டை என்பதே பின்பு சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பர். கம்பெனிக்கு ஆலை கட்டும் செலவில்லை, விளக்கெண்ணெய்ச் செலவில்லை. முன்பணம் கொடுத்தால் போதும். கூரை நெசவாளருடையது, தறி அவருடையது, தார் சுற்றும் மனைவியும் மக்களும் அவருடையவர்கள்.

ஓர் இத்தாலிய மருத்துவரின் கேள்வி

நோயாளியிடம் மருத்துவர் கேட்கும் கேள்விகளோடு "உன் தொழில் என்ன?" என்பதையும் சேர்க்கவேண்டும் என்று சொன்னவர் பெர்னார்தினோ ராமஸ்ஸீனி. தொழிலாளரின் நோய்களைப் பற்றிய அவருடைய நூல் 1700இல் வெளிவந்தது. 1713இல் அதை விரிவாக்கியபோது நெசவாளரையும் எழுத்தர்களையும் சேர்த்துக்கொண்டார். நாள் முழுவதும் கணக்கும் பத்திரமும் எழுதுவோரின் துன்பத்துக்கு மூன்று காரணங்களைக் கண்டார்: ஓயாது உட்கார்ந்திருத்தல், கை ஒரே விதமாக அசைந்துகொண்டே இருத்தல், தவறு நேராதிருக்க மனம் இடைவிடாது விழித்திருத்தல்.

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் என் வலப்புற வீட்டு இளைஞர் கழுத்து வலி என்று வந்தபோது அந்த மூன்றும் அப்படியே பொருந்தின. அவர் கட்டிலில் சாய்ந்து, மடிக்கணிப்பொறியை மடியில் வைத்துப் பத்து மணி நேரம் வேலை செய்தார். அவருடைய வீட்டில் மேசை இல்லை. வேலையைத்தான் வீட்டுக்கு அனுப்பினார்களே ஒழிய, நாற்காலியை அனுப்பவில்லை.

இதில் நெம்புகோல் தத்துவம் இருக்கிறது. நம் தலையின் நிறை ஏறத்தாழ 5 கிலோகிராம். தலை நிமிர்ந்திருக்கையில் அந்தப் பாரம் முதுகெலும்பின் மேலேயே இறங்குகிறது. தலை முன்னே குனியக் குனிய, பாரம் செயற்படும் கோடு கழுத்தெலும்பிலிருந்து விலகிச் செல்கிறது. அதை இழுத்துப் பிடிக்கும் தசைகளோ எலும்பை ஒட்டியே இருக்கின்றன. குறுகிய கையால் நீண்ட கையைச் சமன்செய்ய வேண்டுமானால் பலமடங்கு விசை தேவை என்பது பள்ளி மாணவரும் அறிந்ததே. மடிக்கணிப்பொறியில் திரையும் விசைப்பலகையும் ஒன்றாய்ப் பிணைந்திருப்பதால், கைக்கு ஏற்ற உயரத்தில் வைத்தால் கழுத்து வருந்தும். கண்ணுக்கு ஏற்றால் தோள் வருந்தும். திரையைச் சில புத்தகங்களின் மேல் ஏற்றி, தனி விசைப்பலகை ஒன்றை இணைத்தால் தொல்லை பாதி தீரும். நெசவாளரின் முதுகும் வளைகிறதுதான்; ஆனால் அவருடைய கால்கள் ஓயாமல் இயங்குகின்றன, பாவு அறுந்தால் எழுந்து முடிய வேண்டியிருக்கிறது.

மணி அடித்த சுவர்

இனி வீட்டையும் வேலையையும் பிரித்த சுவருக்கு வருவோம். 1771இல் இங்கிலாந்தின் குராம்ஃபோர்டு என்னும் ஊரில் ஆர்க்ரைட் நீராற்றலால் இயங்கும் நூற்பாலையை நிறுவினார். நீர்ச்சக்கரத்தை ஒவ்வொரு வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. ஆகவே மனிதர் சக்கரத்தை நோக்கிப் போனார்கள். ஆலையின் மணி அவர்களை எழுப்பியது. சென்னையில் பெரம்பூரின் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகள் 1870களிலும் 1880களிலும் எழுந்தன.

ஆலை வாழ்வு கொடியது. எனினும் ஆலைக்கு ஒரு வாசல் இருந்தது; வாசலில் நின்று மணியை எண்ண முடிந்தது. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியபோது ஆலைத் தொழிலாளரின் முதற்குறைகளில் ஒன்று, பகலுணவுக்கு விடும் நேரம் போதவில்லை என்பதே. எவ்வளவு சிறிய கோரிக்கை! ஆனால் நேரத்தை அளக்க முடிந்ததால்தான் அந்தக் கோரிக்கை பிறந்தது. இந்தியத் தொழிற்சாலைச் சட்டம் 1881இல் சிறுவர்களின் நேரத்தை மட்டும் வரையறுத்தது. 1911இல் நெசவாலை ஆடவர்க்கு நாளொன்றுக்கு 12 மணி என்ற எல்லை வந்தது, 1922இல் வாரத்துக்கு 60 மணி, 1934இல் 54, சுதந்திரம் வந்தபின் 1948ஆம் ஆண்டுச் சட்டத்தில் 48. ஒவ்வொரு மணிக்குப் பின்னாலும் ஒரு போராட்டம் உண்டு.

இந்த மணிகள் எல்லாம் ஆலை வாசலோடு நின்றன. வீட்டுத் தறிக்கு மணி இல்லை. அங்கே கூலி நேரத்துக்கு அன்று, பீஸுக்கு. விதிவிலக்காக, 1966ஆம் ஆண்டுப் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் வீட்டில் பீடி சுற்றும் பெண்களையும் தொழிலாளராக ஏற்றது. பெருமைப்படத்தக்க சட்டம் அது. ஆயினும் அந்தப் பெண் இரவு எத்தனை மணிக்கு முறத்தை இறக்கி வைக்கிறாள் என்று யார் சென்று பார்ப்பது?

1973இல் அமெரிக்காவின் தென் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் ஜாக் நைல்ஸ் என்பவர் சுவரை மறுபடி இடிக்கலாம் என்றார். எண்ணெய் நெருக்கடி வந்த ஆண்டு அது. ஊழியரைச் சாலையில் ஓடவிடுவதற்குப் பதிலாகத் தொலைபேசிக் கம்பியில் வேலையை அனுப்பலாமே என்பது அவர் வாதம். ஆனால் அவருடைய ஆய்வு முக்கியமாகப் பேசியது, ஊழியர் குடியிருக்கும் பகுதிகளுக்கு அருகே சிறுசிறு கிளை அலுவலகங்களை அமைப்பதைப் பற்றி. அனகாபுத்தூரில் அப்படி ஒரு மண்டபம் இருந்து, பத்துப் பதினைந்து பேர் நடந்தே சென்று வேலை செய்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் நினைப்பதுண்டு. கொள்ளைநோயின்போது அது உதவியிராது. மற்ற நாட்களில் பல்லாவரம் - துரைப்பாக்கம் சாலை நெரிசலில் கழியும் காலம் மிஞ்சியிருக்கும்.

நியூட்டனும் நாமும்

ஊரடங்கின்போது ஆசிரியர் பலர் ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொண்ட செய்தி ஒன்று உண்டு: 1665இல் கொள்ளைநோயால் கேம்பிரிட்ஜ் மூடப்பட்டபோது நியூட்டன் ஊல்ஸ்தோர்ப் கிராமத்துக்குச் சென்று, வீட்டிலிருந்தபடியே நுண்கணிதத்தையும் ஒளியின் நிறங்களையும் ஈர்ப்பையும் ஆராய்ந்தாராம்; நாமும் அப்படிச் செய்யலாமே! வரலாறு சரிதான். ஆனால் நியூட்டனுக்கு அப்போது வயது இருபத்திரண்டு, இருபத்துமூன்று, மணமாகவில்லை, பாடம் நடத்தும் கடமை இல்லை, வீட்டில் தாயின் பண்ணை வருமானம் இருந்தது. ஒரே அறையில் ஒரு குழந்தை அழ, இன்னொரு குழந்தை செல்பேசியில் வகுப்புக் கேட்க, குக்கர் கூவ வேலை செய்தவருக்கு அவரை எடுத்துக்காட்டாக நிறுத்துவது நீதியன்று.

நானும் அடுக்களையை ஒட்டிய திண்ணை அறையிலிருந்து பாடம் நடத்தினேன். திரையில் மாணவர் முகங்களுக்குப் பதிலாகக் கறுப்புக் கட்டங்கள். இரவு பத்து மணிக்குக் கல்லூரியிலிருந்து படிவம் கேட்டுச் செய்தி வரும். காலை ஆறு மணிக்கு நினைவூட்டல் வரும். வேலை கூடியதா, நேரம் மட்டும் நீண்டதா என்று எனக்கே விளங்கவில்லை. இதை அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். வட அமெரிக்கா, ஐரோப்பா, மேற்காசிய நகரங்கள் பதினாறில் 31 லட்சத்துக்கு மேற்பட்டோரின் மின்னஞ்சல், கூட்ட விவரங்களைக் கொண்டு 2020 ஜூலையில் வெளியிடப்பட்ட ஆய்வு ஒன்றில், முதற்கடிதத்துக்கும் கடைசிக் கடிதத்துக்கும் இடைப்பட்ட வேலைநாள் சராசரியாக 48.5 நிமிடம் நீண்டது தெரிந்தது. கூட்டங்களின் எண்ணிக்கை 12.9 விழுக்காடு கூடியது. கூட்டங்கள் சற்றுக் குறுகின. மணி அடிக்கும் வாசல் போனதும் நாள் எப்படிக் கசிகிறது பாருங்கள்!

பெண்களுக்கு இந்தக் கணக்கு இன்னும் கடினம். இந்தியாவில் 2019இல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, சம்பளமில்லாத வீட்டு வேலைகளில் ஈடுபடும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிடுகின்றனர். ஈடுபடும் ஆண்களோ 97 நிமிடம். இது ஊரடங்குக்கு முந்திய நிலை. தறி வீட்டில் தார் சுற்றும் பெண்ணின் உழைப்பு பீஸ் கூலிக்குள் மறைந்துவிடுவது போலவே, இந்த நிமிடங்களும் யார் கணக்கிலும் வரவில்லை.

சிவப்பு மங்கும் வேளை

மே மாதத்தில் ஒருநாள் மாலை, மாடிப்படியில் அமர்ந்து நான் வகுப்பை முடித்தபோது, வேலையின்றித் திண்ணையில் இருந்த பெரியவர் கேட்டார்:

"காலையிலேர்ந்து பேசிக்கிட்டே இருக்கீங்களே சார், உங்களுக்கு மணிக்குக் கூலியா, பீஸுக்குக் கூலியா?"

"மாதச் சம்பளம்தான் ஐயா."

"அப்போ எப்பதான் நிறுத்துவீங்க?"

என்னிடம் விடை இல்லை. நீங்கள் எப்போது நிறுத்துவீர்கள் என்று அவரையே கேட்டேன். பொழுது சாயும்போது என்றார். "செவப்பும் மெரூனும் ஒண்ணாத் தெரிய ஆரம்பிச்சா எறங்கிடணும். இல்லேன்னா காலையில பார்த்தா கட்டம் தப்பிப் போயிருக்கும்."

இதில் ஓர் அழகான பௌதிகம் இருக்கிறது. நம் விழித்திரையில் நிறம் காட்டும் கூம்பு அணுக்களும், மங்கலில் பார்க்க உதவும் கோல் அணுக்களும் உள்ளன. வெளிச்சம் குறையும்போது கூம்புகள் ஓய, கோல்கள் வேலையை ஏற்கின்றன. கோல்களுக்குச் சிவப்பொளி அநேகமாகத் தெரியாது. அதனால் அந்தியில் செம்பருத்தி கறுத்துப்போக, அதன் இலை ஒளிர்வது போலத் தோன்றுகிறது. இதை 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் விளக்கியவர் புர்க்கின்யே என்னும் செக் நாட்டு அறிஞர். கட்டம்போட்ட கைக்குட்டை நெய்பவருக்கு இந்த விளைவே ஆலைமணி! சட்டம் வைக்காத எல்லையைக் கண் வைத்தது. மின்விளக்கு வந்தபின் அந்த எல்லை தளர்ந்தது என்பதையும், அவசரத் தேவைக்குக் குழல்விளக்கில் நெய்ததையும் பெரியவர் மறைக்கவில்லை.

கணிப்பொறித் திரையோ தானே ஒளிர்வது. அதற்கு அந்தி கிடையாது. மேலும் ஒரு செய்தி 2002இல் வெளிப்பட்டது. விழித்திரையில் பார்வைக்கென்று அல்லாமல், பொழுதை அறிவதற்கென்றே ஒளியை உணரும் மூன்றாம் வகை அணுக்கள் இருக்கின்றன. ஏறத்தாழ 480 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளிக்கு அவை மிகுதியாகத் துலங்குகின்றன. உடலின் உள்கடிகாரத்தைத் திருத்துகின்றன. நண்பகல் வெயிலில் ஒளியின் செறிவு 1 லட்சம் லக்ஸ் வரை போகும். மரநிழலிலும் ஆயிரக்கணக்கில் இருக்கும். நம் வீட்டு அறைக்குள் சில நூறுதான். ஊரடங்கில் வீட்டிலேயே இருந்தவருக்குப் பகலில் போதிய ஒளி இல்லை. இரவில் வேண்டாத ஒளி இருந்தது. உள்கடிகாரம் எதை நம்பும்? தூக்கம் கெட்டது, மனம் சோர்ந்தது என்று பலர் சொன்னதற்கு அச்சமும் தனிமையும் பணக்கவலையும் பெருங்காரணங்கள். ஒளியும் ஒரு காரணம். நெசவாளர் வீட்டில் தறி வாசலை ஒட்டிய வெளிச்சத்தில் இருப்பது வெறும் வழக்கமன்று.

இளைஞரிடம் மேசையைச் சன்னலருகே போடச் சொன்னேன், போட்டார். இரவுக் கூட்டங்களைக் குறைக்கச் சொன்னேன், சிரித்தார். அது அவர் கையில் இல்லை. பிரான்சு நாட்டில், வேலை நேரத்துக்குப் பின் அலுவலகச் செய்திகளுக்கு விடை தராதிருக்கும் உரிமை 2017 ஜனவரி முதல் சட்டத்தில் இடம்பெற்றது. போர்ச்சுகல் 2021இல் ஒருபடி மேலே சென்று, ஓய்வு நேரத்தில் ஊழியரைத் தொடர்புகொள்ளாதிருப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. இவை கணிப்பொறி ஊழியர்க்கு வந்த மணிகள். வீட்டில் பீஸ் வேலை செய்வோருக்காக உலகத் தொழிலாளர் அமைப்பு 1996லேயே 177ஆம் எண் உடன்படிக்கையை உருவாக்கியது; இந்தியா அதை ஏற்கவில்லை. கொள்ளைநோய்க்கு முன்பே, 2019இல், உலகில் சுமார் 26 கோடிப் பேர் வீட்டிலிருந்து வேலை செய்தனர் என்றும், அவருள் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் அதே அமைப்பு 2021இல் மதிப்பிட்டது. "வீட்டிலிருந்தே வேலை" என்று நாம் 2020இல் வியந்து பேசியபோது இந்த 26 கோடியில் பெரும்பாலோர் நம் நினைவுக்கு வரவில்லை.

2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையையும் சுற்றுப்புறங்களையும் மறுபடி முழுமையாக அடைத்தார்கள். செப்டம்பரில் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நூல் வந்தது. பெரியவர் குழியைத் துடைத்து, துருவேறிய அச்சைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துலக்கி, பாவு ஏற்றினார். ஐந்து மாதமாகக் கேளாதிருந்த தறிச்சத்தம் என் வகுப்புக்குள் புகுந்து, என்ன ஓசை சார் அது என்று மாணவர் ஒருவர் கேட்டார். அன்று பாடத்தை விட்டுவிட்டு அரைமணி நேரம் தறியைப் பற்றிப் பேசினேன். மாலை ஆறரைக்குத் தறி நின்றது. வலப்புற வீட்டில் அப்போதுதான் இரண்டாம் கூட்டம் தொடங்கியிருந்தது.